அலகுப் பட்டியலில் என் பெயரைத் திரும்பச் சேர்க்கும் விஷயம்

அம்மன் துணை

லகாட்,
ஜூலை 6.

சுங்கை சிப்புட் பழைய எஸ்டேட் மாரியம்மன் ஆலயத் தலைவரும் என் உடன்பிறந்த அண்ணனுமாகிய திரு. பத்துமலை அவர்களுக்கு, தங்கை கலாதேவி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். அண்ணியின் முட்டி வலி இறங்கியதா? இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். நான் சுகம் என்று எழுதுவது வாய்ப்பேச்சு இல்லை. போன வியாழக்கிழமை கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்ததில் 2.6. ரத்தம் உறைவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டுகிற நம்பர் அது, எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தால் சுகம் என்று அர்த்தம். வீட்டுக்காரருக்கு அப்படி நம்பர் எதுவும் இல்லாததால் அவர் சுகமா என்று என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. பார்வைக்கு நல்லாத்தான் இருக்கார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் குடும்ப வாட்சப் குழுவில் நீங்கள் ஒருவர் மட்டுமே பேசலாம் என்று மாற்றி வைத்துவிட்டீர்கள். தனியாக அனுப்பிய குரல் செய்தி ஏழு நிமிஷம் இருந்ததால் நீங்கள் கேட்கவில்லை என்று அண்ணி சொன்னார்கள். ஆகவே எழுத்தில்.

விஷயம் இதுதான். இந்த வருஷ ஆடித் திருவிழாவில் அலகு குத்துவோர் பட்டியலில் பதினான்காவது பெயராக இருந்த என் பெயரைக் கமிட்டிக் கூட்டத்தில் நீங்களே பேனாவால் அடித்தீர்களாம். "என் தங்கச்சிக்கு ரத்தம் தண்ணியாட்டம் ஓடுது, கோயில்ல நிக்காம ஊத்துனா போலீஸ்க்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டீர்களாம். என் ரத்தம் தண்ணியாட்டம் ஓடவில்லை. எல்லாருக்கும் எப்படி ஓடுமோ அப்படித்தான் ஓடுகிறது, உறையத்தான் கொஞ்சம் தாமதம் செய்கிறது. அதுவும் மாத்திரை சொல்லித் தாமதம் செய்கிறது. சும்மா விட்டால் என் ரத்தம் எல்லாரையும் விட வேகமாக உறைகிற ஜாதி. அதுதான் வியாதியே. கமிட்டியில் நீங்கள் வியாதியையும் மருந்தையும் மாற்றிச் சொல்லிவிட்டீர்கள், அதைக் குறிப்பேட்டில் திருத்தச் சொல்லுங்கள்.

நேர்த்தி எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். முந்தா வருஷம் இடது கெண்டைக்காலில் ரத்தம் கட்டி, அது கிளம்பி நுரையீரலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆம்புலன்சில் மூச்சு வராமல் படுத்திருந்தபோது, "தாயே, இதுலேர்ந்து எழுந்துட்டா நாக்குல சின்ன வேல் குத்திப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எழுந்துவிட்டேன். அம்மன்தான் காப்பாத்தினாள். எதைக் கொண்டு காப்பாத்தினாள் என்றால் வார்பரின் மாத்திரையைக் கொண்டு. ஆயுசு முழுக்கச் சாப்பிடணும் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வார்பரின் சாப்பிடுகிறவர்கள் உடம்பில் எதையும் குத்திக்கொள்ளக் கூடாது என்று சொன்னார்கள். வேண்டுதலை ஏற்றுக்கொள்ளும்போதே அம்மன் இதை யோசித்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ரெண்டு பேரும் அவசரத்தில் இருந்தோம்.

அந்த வருஷம் கால் வீக்கத்தில் போச்சு. போன வருஷம் ஏன் முடியவில்லை என்பதற்குத்தான் ஊரில் பல கதை ஓடுகிறது, நடந்ததை எழுதுகிறேன். கிளினிக்கில் ஷஹீரா என்று ஒரு மருந்தாளர், மலாய்க்காரப் பிள்ளை, மகள் வயசு. கீரையில் உள்ள சத்து மாத்திரையோடு மல்லுக்கட்டும், அதனால் என்ன கீரை எவ்வளவு சாப்பிட்டீங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க ஆன்ட்டி என்றாள். எழுதச் சொன்னால் நான் விடுவேனா? தேதி, கிழமை, மாத்திரை நிறம், நேரம், கீரை, எத்தனை கரண்டி, தண்டோடா தண்டில்லாமலா என்று ஏழு கட்டம் போட்டு எழுதினேன். ஷஹீரா அந்த நோட்டைப் போட்டோ எடுத்து மற்ற நோயாளிகளுக்குக் காட்டினாள். அப்படியிருக்க, போன ஆடியில் என் நம்பர் இறங்கிக்கொண்டே வருது. 2.3, 1.9, 1.4. மாத்திரையைக் கூட்டினாள், கூட்டியும் ஏறவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக, "ஆன்ட்டி, மாத்திரையை முழுங்குறீங்களா, இல்ல..." என்று இழுத்தாள். எனக்கு எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை பொய் சொல்லாத பொம்பளை நான், அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. நோட்டைத் திறந்து காட்டினேன். "கீரை கட்டத்தைப் பாரும்மா. ரெண்டு வாரமா இல்லை, இல்லை, இல்லை." அப்போது பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பாமலே மலாயில் சொன்னார், "சாயூர் தாக் மாக்கான். கூயில் பூஞா அடா மாக்கான்." கீரை சாப்பிடுறதில்லை, கோயிலோடது சாப்பிடுறா என்று.

ஷஹீரா பேனாவை வைத்துவிட்டாள். "கோயிலோடதுன்னா?" என்றாள். கூழுக்குக் கொடுக்கிற முருங்கைக்கீரைப் பொரியல் என்றேன். வாரத்தில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கோயிலில். பூசாரி பிச்சைமுத்து கட்டிக் கொடுப்பது மறுநாளைக்கு வீட்டில். "அதை ஏன் ஆன்ட்டி எழுதல?" அது பிரசாதம்மா, சாப்பாடு இல்லை என்றேன். அம்மன் கொடுத்ததைப் போய்க் கரண்டிக் கணக்கில் எழுதுவார்களா? எழுதினால் அவளுக்கே கணக்குக் காட்டின மாதிரி ஆகாதா? அண்ணே, நீங்களே சொல்லுங்கள், தப்பா? அந்தப் பிள்ளை நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க கல்லீரலுக்கு அது யார் கொடுத்ததுன்னு தெரியாது" என்றாள். படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

இனிமேல் கீரையை நிறுத்தாதீங்க, ஆனா வாரா வாரம் ஒரே அளவா சாப்பிடுங்க என்று சொல்லியனுப்பினாள். எனக்கு "நிறுத்து" என்பது மட்டும்தான் காதில் நின்றது. கோபமும் இருந்தது. கூழை மட்டும் வாங்கிக் குடித்து, கீரையை வீட்டுக்காரர் தட்டில் தள்ளினேன். மாத்திரையோ கூட்டின அளவிலேயே போகிறது. பத்தாவது நாள் பல் விளக்கினால் தொட்டியெல்லாம் சிவப்பு. அந்த நேரம் பார்த்து அரை மாத்திரைக்காகப் பாக்குவெட்டியில் பழுப்பு மாத்திரையை வெட்டினேன், பாதி தெறித்து ஐஸ்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு பாதி குறைந்தால் நோட்டில் என்ன எழுதுவது? ஐஸ்பெட்டியை நகர்த்தினேன், அதன் மூலை தோளுக்குக் கீழே கையில் பட்டது. பட்டது என்றால் பட்டதுதான், இடிக்கக்கூட இல்லை. மறுநாள் அங்கே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தட்டு அளவுக்கு ரத்தம் கட்டியிருந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரை முறைத்த முறைப்பில் அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மீதித் தூரம் நடந்தார். கிளினிக்கில் நம்பர் 5.2. "நிறுத்தச் சொல்லல ஆன்ட்டி, ஒரே அளவுன்னு சொன்னேன்" என்று ஷஹீரா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த 5.2-இல்தான் போன வருஷ அலகு போச்சு.

பிறகு ஒரே அளவு என்பதற்காகத்தான் நான் அளவுக் கப்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தது. உங்களை அவமானப்படுத்த இல்லை. வரிசையில் நின்று, "அரைக் கப் போடுங்க, தலை தட்டிப் போடுங்க" என்றேன். பூசாரி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இது, அம்மனுக்கே அளந்து ஊத்தச் சொல்றீங்களா? இது கோயிலா பெட்ரோல் பங்கா லா?" என்று கேட்டார். பின்னால் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தேன். இருந்தாலும் அரைக் கப்தான் வாங்கினேன். அன்றிலிருந்து பதினொரு மாசமாகக் கீரை அரைக் கப், என் நம்பர் ரெண்டை விட்டு இறங்கவுமில்லை, மூணைத் தாண்டவுமில்லை. ஷஹீரா கைதட்டினாள்.

இந்த வருஷம் பட்டியல் எழுதுவதற்கு முன்னால் நான் பூசாரியிடம் நேராகவே கேட்டேன். நம்ம கோயில் விபூதி வைத்துக் குத்தினால் ஒரு சொட்டு வராது, முப்பது வருஷமா நான் குத்துறேன் என்றார். நம்பிக்கை இருக்கிறது, ஆனாலும் பார்த்துக்கொள்வது நல்லது என்று போன மாசம் அந்த விபூதியைப் பொட்டலம் கட்டிக் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். விரலில் குத்துகிற நர்சிடம் இன்னொரு விரலிலும் குத்தச் சொன்னேன். எதுக்கு ஆன்ட்டி என்றாள், சும்மா குத்தும்மா என்றேன். ஒரு விரலுக்குப் பஞ்சு, ஒரு விரலுக்கு விபூதி. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சு விரல் நாலு நிமிஷத்தில் நின்றது. விபூதி விரல் அஞ்சரை நிமிஷம். மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் அதில் ஒன்றரை நிமிஷம் விபூதி கரைந்து வழிந்ததைத் துடைத்த நேரம், அதைக் கழித்தால் ரெண்டும் ஒன்றுதான். ஆக, விபூதியால் கெடுதல் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது.

ஆகவே அண்ணே, சுருக்கமாகக் கேட்கிறேன். நம்பர் சரியாக இருந்தால் நின்றுவிடும். என் நம்பர் சரியாக இருக்கிறது. சின்ன வேல்தான், ஊசி கனம். ரெண்டு வருஷமாக வாக்குக் கொடுத்துவிட்டு அம்மன் முகத்தைப் பார்த்து விளக்கேற்ற முடியவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு ஒளிந்து திரிகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்பார், ஷஹீரா வேண்டாம் என்பாள், அவர்களுக்கு அது கடமை. கூடப்பிறந்தவர் நீங்கள், நான் வாக்குத் தவறினவளாகப் போய்ச் சேரக் கூடாது என்பது உங்கள் கடமை. பதினான்காவது இடத்தில் பெயரைத் திரும்ப எழுதவும். போலீசுக்குக் கொடுக்க வேண்டுமானால் என் சொந்தப் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், இரண்டு பிரதி.

அண்ணிக்கு நான் விசாரித்ததாகச் சொல்லவும். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், யார் கொடுக்கிற மாத்திரையையும் கேட்காமல் விழுங்க வேண்டாம். உங்கள் வீட்டில் விளக்கு எந்நாளும் நிறைந்து எரிய அம்மன் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
ஜெ. கலாதேவி

பின்குறிப்பு, ஜூலை 9: மேலே எழுதினது எதையும் கமிட்டியில் படிக்க வேண்டாம். திங்கட்கிழமை சாயங்காலம் உறையில் போடுவதற்கு முன்னால் கடிதத்தை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். வாயில் முறுக்கு. "நம்பர் சரியாக இருந்தால் நின்றுவிடும்" என்கிற இடத்தில் வாசித்துக்கொண்டே மென்றதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நடு நாக்கு, நல்ல ஆழம். ஐஸ் வைத்தேன், துணி வைத்தேன், மூன்று துண்டு நனைந்தது. வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் மருந்தில் நனைத்த துணியைக் கடிக்கக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நிற்க ஒரு மணி ஐம்பது நிமிஷம். பார்த்ததில் நம்பர் 2.7, சரியான நம்பர். முறுக்குக்கே இப்படி என்றால் வேலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் கேட்கவில்லை, அவருக்கு விஷயம் தெரியாது. நானே கேட்டுக்கொண்டேன்.

இன்றைக்குக் கிளினிக்கில் ஷஹீரா என் நோட்டைப் புரட்டினாள். ரத்தக் கசிவுக் கட்டத்தில் காரணம் என்ற இடத்தில் நேர்த்திக்கடன் என்று எழுதியிருந்தேன். என்ன ஆன்ட்டி இது என்றாள். எனக்கு மலாயில் வார்த்தை வரவில்லை, நாக்கும் வீங்கியிருந்தது. வீட்டுக்காரர்தான் "நாசார்" என்றார். நேர்த்திக்கு அவர்களுக்கும் அந்த வார்த்தை இருக்கிறது. "முடிஞ்சதா ஆன்ட்டி?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். பச்சைப் பேனாவால் அந்தக் கட்டத்தில் ஒரு சரி போட்டாள்.

நாக்கில்தான் வேண்டிக்கொண்டேன், நாக்கிலேயே அம்மன் எடுத்துக்கொண்டாள். நீங்கள் அனுமதி கொடுக்கிறவரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. அலகுப் பட்டியலில் என் பெயரை அடித்தது அடித்தபடியே இருக்கட்டும், பால்குடப் பட்டியலில் மட்டும் எழுதவும். குடம் சின்னதாக இருக்கட்டும்.