மேல்தண்ணி, அடித்தண்ணி

மனிதன் ஏமாற்றினால் சட்டையைப் பிடிக்கலாம். தண்ணீர் ஏமாற்றினால் எதைப் பிடிப்பது? இத்தனை வருடமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை உதறிவிட்டு பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனவன் நான். தொண்ணூறுகளில் வீரபாண்டியில் சொந்தக் கம்பெனி, மாடி வீடு. (எவன் தயவும் கிடையாது.) குறை ஒன்றுதான். சாயப்பட்டறைக் கழிவு இறங்கி என் கிணறு சப்பைத் தண்ணீராகிவிட்டது. வாயில் வைத்தால் கரிக்கும்.

மகனுக்கு அவிநாசியில் பெண் பேசினோம். பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். தண்ணீர் சரியில்லாத வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? காலையிலேயே ஒரு லாரி நல்ல தண்ணீர் வரவழைத்தேன். தரைத்தொட்டியில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் கிடந்தது.

"ஏனுங்க, அதை எறச்சுட்டு ஊத்தலாமுங்க" என்றாள் மனைவி.

"கலந்தாச் சரியாப் போயிரும். கம்பெனி நடத்தறது நானா, நீயா?"

அடிச்சேறு கலங்கக் கூடாதென்று, குழாயைச் சுவரோரமாக வைத்து மெதுவாக விடச் சொன்னேன். (என் புத்தி!) கனமான உப்புத் தண்ணீர் அடியில் அசையாமல் படுத்துக்கொண்டது. நல்ல தண்ணீர் பாலாடை மாதிரி மேலே பரவி நின்றது. வீட்டுக் குழாய்களுக்கு மோட்டார் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

பெண்ணின் அப்பா வந்ததும் தொட்டி மூடியைத் திறந்து, ஒரு சொம்பு மொண்டு கொடுத்தேன்.

"எளநியாட்டம் இருக்குதுங்க!"

"நம்ம ஊட்டுல வருசம் பூரா இதேதானுங்க" என்று அளந்தேன்.

அப்புறம் குழாய்த் தண்ணீரில் போட்ட காப்பி வந்தது. ஒரு வாய் குடித்தவர் முகம் கோணியது. "ஏனுங்க, இது காப்பிங்களா, ரசமுங்களா?"

"சக்கரைக்கு உப்பைப் போட்டயா?" என்று மனைவி மேல் பாய்ந்தேன். அவள் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து அவரிடம் நீட்டினாள். குடித்துப் பார்த்தவர் எழுந்துவிட்டார்.

"காட்டறது ஒரு தண்ணி, குடுக்கறது ஒரு தண்ணி. மாப்பிள்ளையும் இப்படித்தானுங்களா?"

என்னையா? என் மகனையா? வெள்ளை வேட்டியோடு தொட்டிக்குள் குதித்தேன். "ஒரே தொட்டி! ஒரே தண்ணி! பாருங்க!" என்று கழுத்தளவு நீரில் கையையும் காலையும் உதறி ஆடினேன். அதே சொம்பில் மொண்டு நீட்டினேன்.

குடித்தார். கரித்தது. (இருந்த நல்ல தண்ணீரையும் நானே கலக்கிவிட்டேனே!)

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். "இந்தக் கோவக்காரருக்கு ஏமாத்தத் தெரியாதுங்க. பொண்ணு குடுக்கறேன், மொதல்ல மேல ஏறுங்க."

ஏமாற்றத்தான் பார்த்தேன். அதை வெளியில் சொல்லவா முடியும்?

கிணற்றைக் கெடுத்தவனை இன்றுவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் முன்னுக்கு வந்த கதையை எடுத்தால் மட்டும் மருமகள் உள்ளேயிருந்து கேட்கிறாள்: "மாமா, இது மேல்தண்ணிங்களா, அடித்தண்ணிங்களா?"

சிரிக்கிற எவனுக்கும் என் வீட்டில் காப்பி கிடையாது.