செலவில்லாத கண் பரிசோதனை

இலங்கைத்துறை,
பங்குனி 2006.

அன்பும் கொஞ்சம் கோபமும் கலந்த மச்சான் ஞானசேகரத்துக்கு, உங்கள் தங்கை யோகமலரின் புருஷன் வீரக்குட்டி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் அவ்வண்ணமே இருக்க வெருகல் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. குறைமாதத்தில் பிறந்து ஒட்சிசனில் கிடந்த உன் பிள்ளைக்குக் கண்ணின் உட்புறம் கெட்டுப்போகலாம், வேளைக்குப் பார்த்தால் காப்பாற்றலாம், அதுவும் இலவசம், அப்படியிருக்க உனக்கென்ன சோம்பல் என்று கேட்டிருந்தீர்கள். இலவசம்தான் மச்சான், யார் இல்லையென்றது? கண்ணைப் பார்க்க ஒரு சதமும் எடுக்கமாட்டார்கள். கண் டொக்டர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரத்தான் வீட்டிலுள்ளதை எல்லாம் விற்க வேண்டியிருக்கிறது.

முதல்தரம் யோகமலரின் தோட்டை ஈடு வைத்து, ஊரில் வான் ஓட்டுகிற அன்ஸாரின் வாடகை வானைப் பிடித்து, ஆமிக்காரன், இயக்கக்காரன் என்று இரண்டு பக்கத்துச் சோதனைகளிலும் ஏறி இறங்கி, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக லோஞ்ச் படகைப் பிடிக்க மூதூர் இறங்குதுறைக்கு ஒருவாறு வந்துவிட்டோம். அங்கே நேவிக்காரன் பிள்ளையின் துணிப்பொட்டலத்தை அவிழ்த்தால் உள்ளே பாக்குவெட்டி! பிறந்த துடக்குக் கழியாத பிள்ளையை இரும்பில்லாமல் வெளியே கொண்டுபோனால் காத்துக்கறுப்பு அண்டும் என்று, துணைக்கு வந்த உங்கள் பெரியம்மா கனகமணி எங்களுக்குத் தெரியாமல் சொருகியிருக்கிறா. "இது பேய்க்குத்தான் தம்பி, உங்களுக்கில்ல" என்று அவ விளக்கம் வேறு கொடுத்தா. அவனுக்குத் தமிழ் விளங்கவில்லையோ, நன்றாக விளங்கிவிட்டதோ தெரியாது, எங்களை அங்கே கிடந்த மர வாங்கில் இருத்திவிட்டான். பெரியம்மா பாக்குச் சீவி, வெற்றிலை மடித்து, மென்று காட்டின பிறகுதான் விட்டார்கள். அதற்குள் லோஞ்ச் போய்விட்டது. கண் டொக்டர் மாதத்தில் ஒருக்காத்தான் வருகிறவர், அவரும் போய்விட்டார்.

அடுத்த மாதம் இரண்டு ஆட்டையும் விற்றோம். பெரியம்மாவை வீட்டில் விட்டு, ஊசிகூட இல்லாமல் போனோம். கடலும் கடந்து ஆஸ்பத்திரிக்குள்ளேயும் போய்விட்டோம் மச்சான். அங்கே நேர்ஸ் பிள்ளை, "வாற வழியில கண்ணிவெடி, றோட்ட மூடிப்போட்டாங்கள், டொக்டருக்கு வர ஏலாதாம், அடுத்த மாசம் வாங்கோ" என்றா. "வாறம் பிள்ள, இன்னும் ஒரு மாடு நிக்குது" எண்டன் நான். அவ சிரிக்கேல்ல. மூன்றாம்தரத்துக்கு வலையை வித்துக் காசை முடிஞ்சு வைத்திருந்தால், அண்டைக்கெண்டு ஹர்த்தால், வான் ஓடினால் கல்லெறி விழும் என்று சொல்ல அன்ஸார் சைக்கிளில் வந்திட்டுப் போனான். அந்தக் காசும் பால்மாவோடு கரைஞ்சு போச்சுது.

ஆகவே நான் முடிவெடுத்துவிட்டேன். மாட்டை விற்கிறதில்லை. பிள்ளைக்கு நாலாம் மாதம் நடக்கிறது, நானே பரிசோதித்துவிட்டேன். பூட்டுத் திறப்புக்கோர்வையை வலப்பக்கம் ஆட்டினால் வலப்பக்கம் திரும்புகிறான், இடப்பக்கம் ஆட்டினால் இடப்பக்கம். என்னைக் கண்டால் சிரிப்பு. இதுக்குமேல் ஒரு டொக்டர் என்னத்தைப் பார்க்கப்போறார்? இனிமேல் இதைப்பற்றி நீங்கள் கவலைப்பட்டு எழுத வேண்டாம்.

மச்சாளுக்கும் மருமக்களுக்கும் எங்கள் அன்பு. பெரியம்மா உங்களை நோய்நொடியில்லாமல் இருக்கச் சொல்லி வாழ்த்துகிறா.

இப்படிக்கு,
வீரக்குட்டி

பி.கு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை யோகமலர் வாங்கி வாசித்தா. திறப்புக்கோர்வையைச் சத்தம் வராமல் துணியில் சுற்றிப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஆட்டினா. பிறகு விளக்கைக் கொண்டுவந்து பிடித்தா. பிள்ளை அசையவேயில்லை. நான் பயந்துபோய் "மகன்" என்று கூப்பிட்டேன். உடனே என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

மச்சான், மேலே எழுதினது ஒண்டையும் கணக்கெடுக்காதேங்கோ. மாட்டை வித்தாச்சு, ஆள் வந்து கொண்டுபோயிட்டுது. வெள்ளிக்கிழமை மூண்டு பேரும் கொழும்புக்கு வாறம். பஸ் வாற இடத்தில வந்து நில்லுங்கோ. பிந்தி வாற பிள்ளையையும் பார்ப்பாங்களா எண்டு ஒருக்கா கேட்டு வையுங்கோ.