அடுத்த வீட்டு வாசல் வள்ளல்

வள்ளல்களில் பல ரகம் உண்டு, ஐயா. நம் ஸ்கூடாய்ப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் கொழுத்து வளரும் ஒரு ரகத்தை இன்று உங்களுக்குக் காட்டுகிறேன்: தெருப்பூனைக்குச் சோறு போடும் வள்ளல். சோறு அவருடையது. பூனை தெருவுடையது. வாசல் மட்டும் அடுத்த வீட்டுக்காரருடையது.

கண்டுபிடிப்பது சுலபம். சாயங்காலமானால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பேப்பரில் மீன் தலை, கோழி எலும்பு, மீந்துபோன மீ கோரேங் எல்லாவற்றையும் ஏந்தியபடி வெளியே வருவார். தன் வீட்டு கேட்டைப் பார்ப்பார், அங்கே இப்போதுதான் புது டைல்ஸ் பதித்திருக்கிறார். அப்படியே நாலு எட்டு நடந்து பக்கத்து வீட்டு கேட்டருகில் குனிந்து, "வாங்கடா என் பிள்ளைங்களா" என்று நெஞ்சுருகக் கூப்பிட்டு, கொட்டி, படம் பிடித்து, தாமான் வாட்சப் குழுவில் "வாயில்லா ஜீவன்களுக்கு இரங்குவோம்" என்று போட்டுவிட்டுத்தான் கைகழுவப் போவார். அந்தப் பேப்பரை எடுத்துப் போடுவது யார்? அட, வள்ளலிடம் கேட்கிற கேள்வியா இது!

எங்கள் தெரு வள்ளலின் பெயர் சுகுமாறன். பக்கத்து வீட்டுச் செல்வராணி செனாயில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள். தினமும் மீன் முள்ளைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் அந்தப் பெண் காரை எடுக்க முடியும். பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் தெருப்பூனை போட்ட குட்டிகளும் காணாமல் போகவே, கேட்டேவிட்டாள்.

"அண்ணே, அந்தச் சாம்பல் பூனை போட்ட குட்டிங்க எங்க காணோம்?"

"பாசார்ல விட்டுட்டு வந்தேன்மா. மீன் கடை இருக்குல்ல? பொழைச்சுக்கும்."

"லாரி வந்து போற எடம்ணே அது!"

"அதது தலையெழுத்து லா."

"தாய்க்குக் கருத்தடை பண்ணிடலாமே. கூண்டு நான் கொண்டுவரேன். நீங்க கூப்பிட்டா வரும், புடிச்சு மட்டும் குடுங்க."

"அலமாக்! தாய்மையைப் பறிக்கறதா? பாவம்மா, பாவம்!"

குட்டிகளை லாரி டயருக்குக் கீழே விட்டால் தலையெழுத்து. தாய்க்குக் கருத்தடை செய்தால் பாவம். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

செல்வராணி தானே பிடித்துக்கொண்டு போனாள். ஆப்பரேஷன் முடிந்த பூனைக்கு அடையாளமாகக் காது நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடுவது மிருக வைத்தியர் வழக்கம். புண் ஆறும்வரை தன் பின்கட்டில் வைத்துப் பார்த்து, வெளியே விட்டாள்.

காதைப் பார்த்தார் வள்ளல். கொதித்தார்! "நம் தாமானில் பூனைக் காதை அறுக்கும் கொடூரன்! மனிதாபிமானம் செத்துவிட்டது!" குழு முழுக்க அழுகிற முகங்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நகராண்மைக் கழகத்துக்கும் போன் போட்டு முழங்கிவிட்டார். மனிதாபிமானம், கொடூரன், நீதி என்று எல்லாம் சொன்னார். எடுத்தவர் காதில் விழுந்தது 'ஆளில்லாத பூனை' என்பது மட்டும்தான்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது, வலையோடு. செல்வராணி வேலைக்குப் போய்விட்டாள். பூனை எங்கே ஓடியது என்கிறீர்கள்? சோறு போட்ட கையைத் தேடித்தான். சுகுமாறன் காலுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது.

வலைக்காரர் மலாயில் மரியாதையாகக் கேட்டார்: "இது உங்க பூனையா, அங்கிள்?"

ஆமாம் என்று ஒரே ஒரு சொல். சொல்லியிருந்தால் வண்டி திரும்பியிருக்கும். ஆனால் சொன்னால் பூனை சொந்தமாகிவிடுமே! சொந்தமென்றால் டைல்ஸ் மேலல்லவா படுக்கும்!

"புக்கான் சாயா பூஞா," என்றார் வள்ளல். என்னுடையது இல்லை. சொன்னதோடு விட்டாரா? காலையும் மெல்ல நகர்த்திக்கொண்டார்; பூனை வலைக்குள் போனது. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நல்லவேளை, எதிர்வீட்டுச் செல்லம் அக்கா போன் பண்ணிச் சொல்லிவிட்டார். செல்வராணி அரைநாள் லீவு போட்டுக்கொண்டு நகராண்மைக் காப்பகத்துக்கு ஓடினாள். "என்னோடதுதான்" என்று கையெழுத்துப் போட்டுக் கூண்டோடு மீட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே குழுவில் படம்: "நம் பிள்ளை திரும்பிவிட்டாள்! நமது போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி!" கூண்டைத் தூக்கிப் பிடித்த செல்வராணியின் கை படத்தில் இல்லை. வெட்டி எடுத்தாகிவிட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் அந்த ரகம் இல்லை. உங்கள் கார் நிழலில் ஒரு மஞ்சள் பூனை வந்து படுக்கிறதே, பெயர்கூட வைத்திருக்கிறீர்களே, நாளைக்கு ஒருவர் வலையோடு வந்து அது உங்களுடையதா என்று கேட்டால் டக்கென்று பதில் சொல்லிவிடுவீர்கள். என்ன, யோசிக்கிறீர்களா? யோசியுங்கள், அவசரமில்லை. கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.