தவறே வெளியே போகாத அலுவலகம்

லிஃப்டுகளுக்குக் கணினி நிரல் எழுதும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே வேலை எப்படியோ நடந்துகொண்டிருந்தது. இந்த ‘எப்படியோ’ மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. எனவே, பணிமுறையைக் கணித முறைப்படி வரையறுத்து அதன் குற்றமின்மையை நிரூபிக்கும் பொருட்டு ஒரு நிபுணர் வரவழைக்கப்பட்டார். எந்நேரமும் கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்ததால் அவருக்கு அம்புக்காரர் என்று பெயர் விழுந்தது.

அவர் நிரலைச் சோதிக்கும் அம்மாவிடம் போய், "எப்போ சோதிப்பீங்க?" என்றார்.

"மேனேஜர் முதல்ல ஒரு பார்வை பார்க்கட்டுமே. அவரை மீறி நான் யாருங்க?"

மேனேஜரிடம், "எப்போ ஒப்புதல் குடுப்பீங்க?"

"சோதனைக்காரம்மா முதல்ல பார்த்துடட்டும். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

இரண்டும் பேச்சுக்குச் சொன்னது. அம்புக்காரர் இரண்டையும் ‘அது முடிந்தால்தான் இது’ என்று அம்பாக்கினார். கணினி நெடுநேரம் முனகிவிட்டு, தவறான நிரல் எந்நிலையிலும் வெளியே போகாது என்று சான்றளித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்பு இல்லாத வழியில் எவரும் அடியெடுத்து வைக்கலாகாது என்று ஆணை பிறந்தது.

அந்த வாரமே ஒரு மருத்துவமனை லிஃப்ட், பழைய நிரலில் பதுங்கியிருந்த பிழையால், அறுவை சிகிச்சை மாடியில் மட்டும் நிற்காமல் போக ஆரம்பித்தது. அந்த நிரலை எழுதிய பெண்ணின் அப்பாவே இடுப்பெலும்பு முறிந்து, அறுவைக்காக வெறும் வயிற்றோடு, கீழ்த்தளத்தில் படுத்திருந்தார். அவள் ஒரே வரியில் பிழையைத் திருத்திவிட்டு ஓடினாள்.

"சார், சரி பண்ணியாச்சு. அனுப்பிடட்டுமா?"

"சோதனை ஆகலையேம்மா," என்றார் மேனேஜர்.

"ஒப்புதல் வரலையே கண்ணு," என்றார் சோதனைக்காரம்மா.

அவள் அம்புக்காரரின் சட்டையைப் பிடிக்காத குறை. "ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இங்கேருந்து எதுவுமே வெளியே போகாது, தெரியுதா?"

அவர் முகம் மலர்ந்தது. "அதைத்தாம்மா நிரூபிச்சேன்! எதுவுமே போகலைன்னா தப்பானது எப்படிப் போகும்?"

"அப்போ ஒரு அம்பை அழிச்சுத் தொலைங்க!"

"அழிக்கலாமே. அதுவும் ஒரு திருத்தம்தான். ரெண்டு பேரும் பார்க்கணும்."

போனில் அப்பா கூப்பிட்டார். "ஒரு வாய் தண்ணியாவது குடிக்கலாமான்னு கேட்டுச் சொல்லும்மா."

மருத்துவமனைத் தலைவர் சண்டை போட நேரிலேயே வந்தார். அம்புக்காரர் அவரை உட்காரவைத்து நிரூபணத்தை விரித்தார்.

"தப்பு நடக்கவே நடக்காதா?"

"நடக்கவே நடக்காது சார். கணக்கு."

வந்தவர் கோபம் தணிந்து, தன் மருத்துவமனைக்கும் அம்பு போட்டுத்தரச் சொல்லி, போகும்போது அம்புக்காரரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் அறுக்கும் டாக்டரும் ஒருவர்மேல் ஒருவர் அளவற்ற மரியாதை உள்ளவர்கள்.

அன்றிலிருந்து அந்த மருத்துவமனையில் ஓர் அறுவை சிகிச்சைகூடத் தோற்றதில்லை. பெயரைக் கேள்விப்பட்டு நோயாளிகள் வந்து குவிகிறார்கள். அவர்களுக்கு இடம் வேண்டுமென்று அப்பாவின் கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.