நாற்பத்தாறு பெட்டிக்கு நாற்பத்தாறு தாள்

"தெரியாது" என்று சொல்ல இருபத்தைந்து வயது வரை எனக்குத் தெரியாது. அந்த வியாதியோடுதான் எங்கள் தீவில், ஜங்லிகாட்டில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்த சுல்தான் மாமா முன்னால் போய் நின்றேன். அவர் மகள் ரஹ்மத்தை எங்கள் வீட்டில் எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.

"தம்பிக்குக் கம்ப்யூட்டர் நல்லா வரும்னாங்க," என்றார் மாமா.

கட்சால் தீவுக்குப் போகும் கப்பலில் அவருடைய நாற்பத்தாறு பெட்டிகள் ஏற வேண்டும். எந்தப் பெட்டி யாருக்கு என்று அச்சடித்த பட்டியல் இரண்டு மணிக்குள் கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போகாவிட்டால் சரக்கு கரையிலேயே கிடக்கும். (கையால் எழுதக் கூடாதா என்று கேட்காதீர்கள். மாமாவின் எழுத்தை மாமாவாலேயே படிக்க முடியாது.)

"இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை மாமா," என்றேன்.

பட்டியல் வெறும் எழுத்துக் கோப்பாகத் தயாராக இருந்தது. பிரிண்டர்தான் சதி செய்தது. ஏதோ அலுவலக ஏலத்தில் எடுத்த பழைய ராட்சசன் அது. வெறும் எழுத்தை அனுப்பினால் விளக்கைச் சிமிட்டும், விழுங்கும், கம்மென்று இருக்கும். எழுத்து எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு பெரிதாக வேண்டும், பக்கம் எங்கே முடிகிறது என்று அதன் சொந்த மொழியில் கட்டளை போட்டால்தான் அசையும். அதைத் தானாகச் செய்யும் மென்பொருளை இறக்கலாமென்றால், நெட் காலையிலேயே படுத்துவிட்டது.

ஏழு முறை அனுப்பினேன். ஏழு முறையும் சிமிட்டியது. மாமா என்னைப் பார்த்த பார்வையில், ரஹ்மத் ஒரு மெயின்லேண்ட் மாப்பிள்ளையோடு கப்பலேறிக்கொண்டிருந்தாள்.

நல்லவேளை, கல்லூரியில் படித்த நாலு கட்டளைகள் நினைவுக்கு வந்தன. வரிக்கு வரி அவற்றைச் சேர்க்க ஒரு குட்டி நிரல் எழுதினேன். மாமாவுக்குக் கண் மங்கல், எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று தாராளம் வேறு. ராட்சசன் உறுமியது. தாள் வந்தது. அதில் ஒரே ஒரு வரி: "முருகேசன், கட்சால், பருப்பு." அடுத்த தாளில் அடுத்த பெயர். "பக்கம் முடிந்தது" என்ற கட்டளையைக் கடைசியில் ஒரு தரம் போடாமல், ஒவ்வொரு வரிக்கும் போட்டுத் தொலைத்திருக்கிறேன், மடையன். மணி ஒன்றரை.

"என்ன தம்பி, ஆளுக்கொரு பத்திரிகை அடிக்கிறீங்களா?" என்றார் மாமா.

திருத்த நேரமில்லை. வாய் முந்திக்கொண்டது. "பெட்டிக்கு ஒண்ணா ஒட்டத்தான் மாமா."

டேப் போட்டு ஒட்டினோம். ஜெட்டியில் மற்ற வியாபாரிகள் பட்டியலும் கையுமாகப் பெட்டிகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். சரக்கு கிளார்க் எங்களிடம் வந்து, "லிஸ்ட் கிதர் ஹை?" என்று பட்டியலைக் கேட்டார். பெட்டிகளைக் காட்டினேன். நடந்துகொண்டே நாற்பத்தாறு தாளிலும் டிக் போட்டவர், "பஹுத் அச்சா," என்று பாராட்டினார். இனிமேல் எல்லோரும் இப்படித்தான் கொண்டுவர வேண்டும் என்று அங்கேயே உத்தரவும் போட்டார். எங்கள் சரக்கு முதலில் ஏறியது.

டாலிகஞ்ச் கடைக்காரர் ஒருவர், "யாரு பாய் இந்த ஐடியா?" என்று கேட்டார்.

மாமா என் தோளில் கையைப் போட்டார். "நம்ம மாப்பிள்ளைதான்."

பெண் கேட்டதற்குப் பதில் அப்படித்தான் வந்தது. அன்று சந்தோஷத்தில் நான் கடலில் குதிக்காதது ஆச்சரியம்.

பதினோரு வருடம் ஆகிறது. அது என் முட்டாள்தனம் என்று மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. ரஹ்மத்திடம் மட்டும் நிக்காஹ் முடிந்த வாரமே உளறிவிட்டேன். இப்போதும் நான் எதற்காவது "இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை" என்று ஆரம்பித்தால் போதும். "மச்சான், வாப்பாகிட்ட சொல்லிரவா?" என்பாள். நான் உடனே போய்ப் பாத்திரம் கழுவுவேன்.