ஹீற்றர் அண்ணையின் கச்சேரி

லண்டனில் குளிருக்குப் பயப்படாத ஒரே தமிழர் எங்கள் ஹீற்றர் அண்ணைதான். வால்தம்ஸ்டோவில் என் வீட்டு மேல்தட்டில் குடியிருந்தார். தை மாதத்திலும் அவருடைய அறையில் ஹீற்றர் போடமாட்டார். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால், கேக் வெட்டுவதற்குள் அந்த வீட்டு ஹீற்றரையும் பழக்கதோஷத்தில் நிற்பாட்டிவிடுவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

காரணம் அவருடைய ஹார்ப்சிகார்ட். பியானோவுக்கு மூத்த வாத்தியம். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முள் தந்தியைச் சுண்டும். சத்தம் மெல்லிசு, ரோசம் பெரிசு. கொஞ்சம் சூடு ஏறினாலே சுருதி கலைந்துவிடும். முந்நூறு வருஷத்துக்கு முந்திய இசையை மட்டும்தான் அதில் வாசிப்பார். தேவாலயங்களில் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். அந்த வாத்தியத்தை வான் வண்டியில் ஏற்றி இறக்கியே என் இடுப்பு போய்விட்டது.

நம்மவர்களுக்குத்தான் அவர் பிழைப்பு பிடிபடவில்லை. ஒருமுறை என் மாமியார் விசாரித்தார்.

"தம்பி என்ன வேலை?"

"ஹார்ப்சிகார்ட் வாசிக்கிறன் அம்மா."

"அது சரி, வேலை?"

அண்ணை சிரித்தார். பிறகு மாடிப்படியில் நின்று என்னிடம், "எங்கட சனத்துக்கு முன்னால ஒருக்கா வாசிக்கவேணும். அது நடந்தாப் போதும்" என்றார். சொன்ன விதம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

ஊர்ச்சங்கச் செயலாளரைப் பிடித்து ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு மண்டபம் ஒழுங்கு செய்தேன். ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. ஐந்துக்கு அண்ணை சுருதி சேர்த்து, ஹீற்றரையும் நிற்பாட்டித் தயார். மண்டபத்தில் நானும் உட்கார ஆளில்லாத கதிரைகளும். நம்மவர்களுக்கு ஐந்து என்றால் ஆறரை. ஆறரைக்குத் திபுதிபுவென்று வந்து நிறைந்தார்கள். "என்ன குளிர் இது" என்று ஒரு அம்மா ஹீற்றரை முழுசாக முறுக்கிவிட்டார். சுருதி போச்சு.

அண்ணை திரும்ப முதலிலிருந்து சுருதி சேர்க்கத் தொடங்கினார். ஒரு டிங். ஒரு திருகல். இன்னொரு டிங். சனம் மூச்சுக்காட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் தொடையில் தாளம்கூடப் போட்டார். கடைசித் தந்தியும் சரிவந்து அண்ணை நிமிர்ந்ததுதான் தாமதம், படபடவென்று கைதட்டல். செயலாளர் ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார்.

"இப்பிடி ஒரு கச்சேரி நாங்கள் கேட்டதே இல்லை. எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகவேணும்" என்று நன்றியுரையையும் முடித்துவிட்டார். சனம் பக்கத்து அறை இடியப்பத்தை நோக்கிப் பாய்ந்தது.

நான் மேடைக்கு ஓடினேன். "அண்ணை, இன்னும் தொடங்கவே இல்லையெண்டு சொல்லிக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம். சந்தோசமாக் கைதட்டிப்போட்டுப் போகுதுகள். வெக்கப்படுத்தக் கூடாது."

பொன்னாடையோடு உட்கார்ந்து, வெறும் கதிரைகளுக்கு முழுவதையும் வாசித்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் அழுகை வந்தது.

அடுத்த வருஷம் விரல்களில் வாதம் வந்து வாத்தியத்தை மூடினார். போன மாரியில் அவரும் போய்விட்டார். நம்மவர்கள் அவர் வாசிப்பைக் கேட்காமலே போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

செத்தவீட்டில் செயலாளர் கண்கலங்கி என் கையைப் பிடித்தார். "என்ன இருந்தாலும், அவற்ர கச்சேரியை நாங்கள் கேட்டனாங்கள்."

"ஓம்" என்று தலையாட்டினேன். அண்ணை இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.