ஞாயிற்றுக்கிழமை ஓடாத வைப்பர்

இனி எந்த மெக்கானிக்கின் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று தளவாய் தீர்மானம் போட்டார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர். எதிர்ப்பு இல்லை, ஏனென்றால் கார் ஷெட்டில் வேறு ஆளில்லை.

தென்காசிப் பக்கம் மூடிப்போன ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் சங்கச் செயலாளராக இருந்தவர் அவர். ஆலையை மூடியவர்கள் வேறு ஊரில் வேறு ஆலை திறந்தார்கள். கூட நின்று கோஷம் போட்டவர்கள் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். தளவாய்க்கு மிஞ்சியது ஒரு பெட்டி துண்டறிக்கையும், இருபத்தாறு வயதான ஒரு வெள்ளைக் காரும். அந்தக் காரின் வைப்பர்தான் இப்போது அவரை எதிர்த்து நின்றது.

சாரல் காலம். வைப்பர் இல்லாமல் தெருமுனை தாண்ட முடியாது. தாண்டியே தீரவேண்டிய கட்டாயம் தளவாய்க்கு இருந்தது. வீட்டில் சொல்வது, குற்றாலத்தில் குளிக்கப் போகிறேன். உண்மை என்னவென்றால், குற்றாலத்தையும் செங்கோட்டையையும் தாண்டி, புளியறை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், லாரிக்காரர்கள் சாப்பிடும் யஹ்யா கடையில் நான்கு பரோட்டாவும் ஒரு பிளேட் நாட்டுக்கோழி வறுவலும்.

சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் கேப்பைக் கஞ்சிதான். மனைவி பேச்சித்தாய் போட்ட சட்டம். அதை மீறுவது ஒன்றுதான் தளவாயின் வாழ்க்கையில் மிச்சமிருந்த போராட்டம். ஞாயிறு தோறும் நடக்கும் தலைமறைவுப் போராட்டம். மூன்று ஞாயிறாக அது நடக்கவில்லை.

தளவாய் நோட்டுப் போட்டு ஆராய்ந்தார். முதல் ஞாயிறு ஸ்விட்சைப் போட்டார், வைப்பர் அசையவில்லை. ரப்பர் காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது என்று முடிவுகட்டிப் புது ரப்பர் மாட்டினார். சாயங்காலம் போட்டுப் பார்த்தால் சரக் சரக்கென்று ஓடியது. என்ன பிரயோசனம்? யஹ்யா கடையில் அதற்குள் கோழி தீர்ந்திருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி நின்றது. வைப்பர் கையின் அடி நட்டு லூசு என்று முறுக்கினார். சாயங்காலம் ஓடியது. மூன்றாம் ஞாயிறு மூடியைக் கழற்றி, மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் கம்பிகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். சாயங்காலம் ஓடியது. திங்கள் ஓடியது. வியாழன் ஓடியது. சனிக்கிழமைகூட ஓடியது.

இன்று நான்காம் ஞாயிறு. அசையவில்லை.

வாரம் ஒரு நாள் ஓய்வு எந்தத் தொழிலாளிக்கும் உரிமை என்று அவரே ஆயிரம் துண்டறிக்கை அடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்றை வைப்பர் படித்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஏட்டி பேச்சி! இங்கன வா!"

பேச்சித்தாய் புதுச்சேலை கட்டி, குடையோடு வந்தாள்.

"என்ன, இன்னைக்கும் மக்கர் பண்ணுதா?"

"நேத்து ஓடிச்சு, இன்னைக்கு நிக்கி. உனக்கு இது விசித்திரமா தெரியலியா?"

"உங்களையே முப்பத்தஞ்சு வருசமா பாக்கேன். அதுக்கு மேல எனக்கு என்ன விசித்திரம் இருக்கு?"

"பேச்சை மாத்தாத. ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் நிக்கி?"

"வயசாயிட்டுல்லா. உங்க முட்டியே மடங்க மாட்டேங்கு, அது மட்டும் மடங்குமாக்கும்? மாரிராஜ் கடையில விட்டா அரை மணி நேரத்துல பாத்துக் குடுப்பாரு."

"மாரிராஜா? ஸ்ட்ரைக்குல பாதியில கையெழுத்துப் போட்டுட்டு ஓடுன கருங்காலிப் பய. அவன் கை என் கார்ல படக்கூடாது."

"அவரு ஓடிப்போயி மெக்கானிக் ஆனாரு. நீங்க கடைசி வரைக்கும் நின்னு என்ன ஆனீய?"

தளவாய் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ஸ்பேனர் கையில்தான் இருந்தது.

"குளிக்கத்தானே போறீய? பஸ்ஸுல போனா என்ன?"

பஸ்ஸில் தெரிந்த ஆள் எவனாவது இருப்பான். குற்றாலத்தில் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, முதுகும் தேய்த்துவிடுவான்.

"ஈரத்துண்டோட பஸ்ஸுல எப்படிட்டி வர?"

"போன மாசம் நீங்க கொண்டுவந்த துண்டு ஈரமாவா இருந்துச்சு?"

"அது... வெயில்ல காஞ்சிட்டு."

"சாரல்லயா?"

தளவாய் காருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"சரி, நான் சுகந்தி வீடு வரைக்கும் போயிட்டு சாயங்காலம் வாரேன். என் தங்கச்சிக்கு முழங்கால் வலியாம், பாவம். கஞ்சி அடுப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் குடையை விரித்தாள்.

அவள் போனதும் தளவாய் யோசித்தார். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் பட்டனை அழுத்தினார். தண்ணீரும் வரவில்லை. ஆனால் ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது. வைப்பருக்கும் தண்ணீருக்கும் ஒரே ஃபியூஸ். ஆகவே மோட்டார் நிரபராதி. அதற்குக் கரண்டே போகவில்லை! மல்லாந்து படுத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். வரிசையாகக் கலர் கலராக ஃபியூஸ்கள். நடுவே ஓர் இடம் மட்டும் காலி.

எரிந்துபோன ஃபியூஸுக்குக் காரணம் இருக்கும். காணாமல்போன ஃபியூஸுக்கு ஆள் இருக்கும்.

இந்தப் பெட்டியைத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டே பேர். போன வருடம் ஹாரன் கெட்டபோது, பெண்களும் தொழில்நுட்பம் கற்கவேண்டும் என்று ஒரு மணி நேரம் முழங்கி, எந்த ஃபியூஸ் எதற்கு என்று பேச்சித்தாய்க்கு விரல் வைத்துக் காட்டியவர் தளவாய்தான். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள். அவருடைய முப்பது வருடச் சொற்பொழிவில் பலன் தந்தது அது ஒன்றுதான்.

காலையில் எடுக்கிறாள். சாயங்காலம் மாட்டுகிறாள். வைப்பரைச் சரிசெய்ததாக ரப்பரும் நட்டும் எண்ணெயும் நோட்டில் வாங்கிய பெயரெல்லாம் பொய். தளவாய்க்குக் கோபம் வரவில்லை. புருஷன் உடம்பு கெடக்கூடாது என்று இவ்வளவு பாடா? கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. ஆனாலும் கோழி கோழிதான். ரேடியோவின் ஃபியூஸும் அதே கலர், அதே அளவு. அதைப் பிடுங்கிக் காலி இடத்தில் சொருகினார். வைப்பர் துள்ளி எழுந்தது.

குற்றாலத்தில் தலை முழுக்க எண்ணெய் வழிய ஜனங்கள் அருவிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தளவாய் நிறுத்தவில்லை. செங்கோட்டையிலும் நிறுத்தவில்லை. வழியெல்லாம் சாரல், வழியெல்லாம் சரக் சரக். வாழ்நாளில் அவர் ஜெயித்த முதல் போராட்டம்.

யஹ்யா கடைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தார். ஜன்னலோர மேஜையில் புதுச்சேலை ஒன்று கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி! நீ சுகந்தி வீட்டுக்குல்ல போன?"

யஹ்யா முந்திக்கொண்டார். "வாங்க அண்ணாச்சி! மதினி நாலு வாரமா ஞாயித்துக்கெழம தவறாம வாராக. உங்களைக் கேட்டா, கார் ரிப்பேர் பாக்காகன்னு சொல்லுதாக."

"உங்க சட்டையில மணத்தது எந்தக் கடைன்னு கண்டுபிடிக்கத்தான் மொதல்ல ஒரு வியாழக்கெழம வந்தேன்" என்றாள் பேச்சித்தாய், எலும்பை உறிஞ்சியபடி. "ருசி பிடிச்சுப்போச்சு. எனக்குச் சர்க்கரையும் இல்ல, கொழுப்பும் இல்ல. ஆனா கஞ்சி குடிக்கிற மனுசனை எதுத்தாப்புல வச்சுக்கிட்டு நான் எப்படித் திங்க? மனசு கேக்கல. அதான் உங்களை வீட்டுலயே நிக்க வச்சேன்."

தளவாய்க்கு வாயைத் திறந்தால் கோஷம் வரும். இன்று எச்சில் மட்டும்தான் வந்தது. நாற்காலியை இழுத்தார்.

"உக்காராதீய. கார்ல போயி இருங்க" என்றாள் பேச்சித்தாய், இரண்டாவது பிளேட்டுக்குக் கையைக் காட்டி. "நல்லவேளை வந்தீய, திரும்பிப் போக நான் பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்."